வழுக்கை விழுந்த உப்பு ஜாடி

எங்கள் வீட்டு உப்பு ஜாடியைப் பார்க்கிறவர்கள் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்கள், ஜாடி செய்து விற்கிற வீட்டில் இப்படி ஒரு அவலட்சணத்திலா உப்பைக் கொட்டி வைப்பது என்று. கேள்வி நியாயம்தான். ஜாடியின் வாய்ப்பக்கம் பச்சைப் பூச்சு பளபளவென்று இருக்கும். வயிற்றுக்குக் கீழே பூச்சு சுருண்டு ஒதுங்கி, சிவந்த மண் திட்டுத் திட்டாகத் தெரியும். மழைக்காலத்தில் அந்தத் திட்டுகளின் வழியே உப்பு கசிந்து வெள்ளையாகப் பூக்கும். எங்கள் தொழிலில் அதற்கு வழுக்கை என்று பெயர். வழுக்கை விழுந்ததை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், உடைத்துப் போட்டுவிடுவார்கள். நான் அதை அடுப்புக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது இது. வேலூர்ப் பக்கத்துச் சனங்கள் பாறை உடைக்கத் தங்கவயலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு உப்பு வைக்கவும் மாவு வைக்கவும் ஜாடி வேண்டுமே என்று நாங்கள் பின்னாலேயே வந்தோம். ஸ்கெலட்டன் என்கிற இடத்துப் பக்கம், சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசையில் ஒரு லைன் வீடு. என் கொழுந்தன் மண்ணைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு சுரங்கக் குழியான ஷாப்டில் வேலைக்குச் சேர்ந்ததால் கிடைத்த வீடு அது. அதை அவனும் மறக்கவில்லை, எங்களை மறக்கவும் விடவில்லை. என் வீட்டுக்காரர் சக்கரம் சுற்றினார். மாமியார் சூளையைப் பார்த்துக்கொண்டார். பூச்சு என் பொறுப்பு.

பூச்சு என்றால் சுண்ணாம்பு அடிப்பது போல என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பானைக்கு ஒரு சூடு போதும், ஜாடிக்கு இரண்டு சூடு வேண்டும். முதல் சூட்டில் மண் கெட்டிப்படும். பிறகு ஈயத்திலிருந்து எடுக்கிற மிருதாரசிங்கி, வெள்ளைக்கல் பொடி, கொஞ்சம் களிமண், பச்சை நிறத்துக்குச் செம்புத் துரு எல்லாவற்றையும் மை போல அரைத்து, கஞ்சித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் ஜாடியைத் தோய்த்து எடுத்து, அடியைத் துடைத்து, காயவைத்து இரண்டாம் சூடு. மிருதாரசிங்கி விஷம், அந்தக் கையோடு வாயைத் தொடக் கூடாது. புளிப்புப் பட்டால் பூச்சிலிருந்தும் இறங்கும் என்பதால் ஊறுகாய்க்கு எங்கள் ஜாடியைக் கேட்டால் கொடுக்க மாட்டோம். வெள்ளைக்கல் தங்கவயலில் காலில் இடறுகிற கல். ஆனால் குனிந்து ஒன்றைப் பொறுக்கினால் அதில் தங்கம் இருக்கிறது என்று காவல்காரன் ஓடிவருவான். அதனால் அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டே வெளியூரிலிருந்து வண்டியில் கல் தருவித்தோம்.

பூச்சு கெடுவதற்குப் பல வழி உண்டு. அவசரப்பட்டு நெருப்பை ஏற்றினால் பூச்சில் ஊசிக்கண் போல ஓட்டைகள் விழும். கெட்டியாகத் தோய்த்தால் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மயிர் போல வெடிப்பு ஓடினால் அடுத்த கரைசலில் வெள்ளைக்கல் பொடியைக் கூட்ட வேண்டும். வழுக்கை விழுந்தால் பெரும்பாலும் தூசிதான் காரணம். தங்கக் கல்லை அரைக்கிற மில்லிலிருந்து கொட்டுகிற மணல் மேடுகள் மலை மலையாக இருக்கும். காற்றடித்தால் சோற்றிலும் மணல், ஜாடியிலும் மணல். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தோய்த்தால் சரியாகிவிடும். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடினால் கிடைக்கும். அந்தத் தேடுகிற வேலைக்குத்தான் எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் பூதிகோட்டையிலிருந்து வந்தாள். அவள் அப்பா அங்கே ஓடு சுடுகிறவர். சின்னவள் என்றுதான் அவளைக் கூப்பிட்டோம். வேலையில் கெட்டிக்காரி, வாய் மட்டும் கிடையாது. எதற்கும் "சரிக்கா" என்பாள்.

லைன் வீடு ஒரே அறை. மாதவிலக்கானால் வீட்டுக்குத் தூரம் என்று தள்ளி உட்கார வேண்டும். ஒரே அறையில் எங்கே தள்ளி உட்காருவது? பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. முதல் சூடு முடிந்த ஜாடிகளைப் பூச்சுக்காக அங்கே அடுக்கிவைப்போம். அதன் உள்மூலைதான் எங்கள் இடம். நான் வருடக்கணக்காக அங்கேதான் உட்கார்ந்தேன். ஒரு ஜாடியும் கெட்டதில்லை. ஆண்கள் அந்த மூலைப் பக்கம் வர மாட்டார்கள், வரக் கூடாது. அந்த வருடம் கம்பெனி ஆட்கள் தங்கம் தேடி லைன் வீடுகளில் நுழைந்து துழாவத் தொடங்கினார்கள். அரிசிப் பானையில் கையை விட்டுப் பார்த்தவர்கள்கூட, பொம்பளைங்க தூரமா ஒக்கார்ற எடம் என்றதும் அந்த மூலையைத் தொடாமல் திரும்பிப் போனார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவள் வந்த சில மாதத்தில் ஒரு சூளை பிரித்தோம். நிறைய ஜாடிகளில் வழுக்கை. நான் தூசி என்று நினைத்தேன். கஞ்சியில் குழைத்த கெட்டிப் பூச்சைத் திட்டுகளின் மேல் வைத்துத் திரும்பச் சுட்டேன். மூடிக்கொண்டது, ஆனால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரிந்தது. பங்காருபேட்டைச் சந்தையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த சூளைக்கு ஒவ்வொரு ஜாடியையும் நானே துடைத்தேன். கரைசலை மாற்றினேன், மூடி போட்டு வைத்தேன். மறுபடியும் வழுக்கை.

மாமியார் சூளையைச் சுற்றி வந்தார். கெட்ட ஜாடிகளைத் தனியாக எடுத்து வைத்தார். எல்லாம் கொட்டகையின் உள்மூலையில் இருந்தவை, வாசல் பக்கம் இருந்தவை நன்றாக இருக்கின்றன என்று கண்டுபிடித்தார். அந்தக் கண்ணுக்கு நான் இன்றைக்கும் மரியாதை கொடுப்பேன். அதற்கு மேல் அவர் புத்தி போன போக்குக்குத்தான் கொடுக்க மாட்டேன்.

"அவ ஒக்கார்ற எடம்" என்றார். "இவ வந்ததுல இருந்துதான் கெட்டுப் போவுது. இவ தீட்டு பொல்லாத தீட்டு."

"அத்த, நானும் அங்கதான ஒக்கார்றேன்" என்றேன்.

"நீ ஒக்காந்தப்ப கெட்டுச்சா?"

என் வீட்டுக்காரர் சக்கரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, "வுடு மே, பெரியவங்க சொல்றாங்க" என்றார். கொழுந்தன் ஷிப்டுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தான். தலைப்பாகையைக் கட்டினான், போய்விட்டான். பெண்டாட்டியைப் பற்றி இத்தனை பேச்சு நடக்கிறதே, நின்று ஒரு வார்த்தை கேட்போம் என்று இல்லை. மூன்றாவது சூளையும் கெட்டதும் மாமியார் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சின்னவளுக்கு விலகி நின்றார்கள். அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அந்த மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சின்னவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் மட்டும் "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு கொட்டகையைச் சாணி போட்டு மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அங்கே இருந்த சுட்ட ஜாடிகளை எல்லாம் உடைத்துப் போட்டார்கள். புதிதாக வனைந்து, சுட்டு, உடனே பூசி வேக வைத்தோம். ஒரு ஜாடியில்கூட வழுக்கை இல்லை. மாமியார் ஜாடியை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பாத்தியா, இப்ப இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார். அந்த வாரமே கொழுந்தனுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சு வந்துவிட்டது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்த களியைத் தின்று முடித்தான்.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. வழுக்கைத் திட்டின் மேல் நான் பூசித் திரும்பச் சுட்டது ஒட்டிக்கொண்டதே. அவள் தீட்டுதான் காரணம் என்றால் அது எப்படி ஒட்டியது? ஜாடியில் என்னமோ இருந்திருக்கிறது, நெருப்பில் அது எரிந்து போயிருக்கிறது. என்னமோ என்றால் என்ன? அதுதான் தெரியவில்லை.

சித்திரை வெயிலில் எனக்கு விலக்கு வந்தது. கொட்டகை மூலையில் போய் உட்கார்ந்தேன். தகரம் காய்ந்து, உள்ளே மூச்சு விட முடியவில்லை. என் செம்புத் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் தண்ணீர் பக்கத்து ஜாடியின் மேல் தெறித்தது. முதல் சூடு மட்டும் கண்ட ஜாடி தண்ணீரைக் கண்டால் உடனே குடித்துவிடும். பட்ட இடம் தெரியாது. இந்த ஜாடியின் வயிற்றில் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன், உருண்டு கீழே விழுந்தது.

விலக்கானவள் ஜாடியைத் தொடக் கூடாது. தொட்டேன். மூக்கில் வைத்து முகர்ந்தேன். பழைய கொழுப்பு நாற்றம். மேலே போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டால், மெழுகுவத்தித் துண்டுகள். கம்பெனி ஷிப்டுக்கு ஷிப்டு கொடுக்கிற மெழுகுவத்தி, மாட்டுக் கொழுப்பில் செய்தது. அதை வெளிச்சத்துக்குக் கொளுத்தியதுபோக மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்து விற்பது அங்கே பலபேர் செய்த வேலைதான். பிடிபட்டால் வேலையும் போகும், போலீசிலும் கொடுப்பார்கள். அந்த மூலையில் இருந்த ஜாடி ஒவ்வொன்றிலும் துண்டுகள். வெயிலில் கொழுப்பு இளகி, சுட்ட மண் அதைக் குடித்து, வெளிவயிறு வரைக்கும் இறங்கியிருந்தது. அதன் மேல் என் பூச்சு எப்படி நிற்கும்?

சோதனைக்காரன் கை வைக்காத ஒரே இடம் எது என்று, வீட்டில் ஷாப்டுக்குப் போகிற ஒரே ஆளான கொழுந்தனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் தீட்டைச் சொல்லி அவளை விரட்டினார்களோ, அந்தத் தீட்டின் மறைவில் திருட்டு மெழுகுவத்தியை ஒளித்து வைத்திருக்கிறான் அவள் புருஷன். நான் பூச்சுக்கு ஜாடியை எடுப்பதற்குள் துண்டுகளை விற்றுவிடுவான், மெழுகிச் சுத்தம் பண்ணுவதற்கு முன்னாலும் எடுத்துவிட்டான். ஆறப்போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். துண்டுகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பகல் ஷிப்டு முடிந்து அவன் பின்பக்கமாக வந்தான். அந்த மூலையில் நான் இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. என் மடியில் இருந்த துண்டுகளைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"அண்ணி, சத்தம் போடாத. வேல போயிடும். வேல போனா இந்த வூடும் போயிடும். எல்லாரும் தெருவுலதான் நிக்கணும்."

"ஒம் பொண்டாட்டி தெருவுல நிக்கல?"

"அவ அவங்க அப்பன் வூட்லதான கீறா."

"ஜாடி கெட்டுப் போறது இதனாலதான்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் திரும்பக் கேட்டேன்.

"மொத தடவ தெரியாது" என்றான். "அப்பாலதான் தோணுச்சு."

தோன்றியதாம். தோன்றியும், அவளைத் துணி மூட்டையோடு அனுப்புகிறபோது சுரங்கக் கூண்டான கேஜில் ஏறிக் கீழே இறங்கிப் போய்விட்டான். நான் இருந்த இடத்திலிருந்தே மாமியாரையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். அவன் கும்பிட்டான். லைனில் யாருக்கும் சொல்ல மாட்டேன், வீட்டில் சொல்லாமல் விட மாட்டேன் என்றேன்.

மாமியார் மெழுகுவத்தியைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: "மாட்டுக் கொழுப்பையா வூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்ச? சாணி கரைச்சுக்கினு வரணும்." மகன் திருடியது பெரிதில்லை, மருமகளை விரட்டியது பெரிதில்லை, கொழுப்புதான் பெரிது. நான் ஜாடியின் மேல் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். முத்து முத்தாக நின்றது. பக்கத்தில் நல்ல ஜாடி ஒன்றில் ஊற்றினேன், குடித்துவிட்டது.

"கொழுப்பு பட்டா பூச்சு நிக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னது?" என்றார். "அவ ஒக்காந்த எடத்துலதான கெட்டுச்சு."

"சரி, சுட்டுப் பாத்துடலாம் அத்த."

கொழுப்புக் குடித்த ஜாடி இரண்டை எடுத்தேன். ஒன்றைப் பூச்சில்லாமல் வெறுமனே சூளையில் வைத்துத் திரும்பச் சுட்டேன். கொழுப்பு எரிந்து, தண்ணீர் ஊற்றினால் குடிக்கிற பழைய பதத்துக்கு வந்தது. மற்றதைத் துணியால் துடைத்ததோடு விட்டேன். இரண்டையும் ஒரே கரைசலில் தோய்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேக வைத்தேன். சூளை ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிரித்தால், திரும்பச் சுட்டது கண்ணாடி மாதிரி. துடைத்ததில் வழுக்கை.

மாமியார் இரண்டையும் பார்த்தார். வழுக்கை ஜாடியை எடுத்து உடைக்கக் கையை ஓங்கினார். நான் பிடுங்கிக்கொண்டு வந்து, உப்பைக் கொட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அத எதுக்கு அங்க வெக்கிற?"

"உப்பு போட்டுத்தான சாப்புடறோம்" என்றேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அவரவர் கஞ்சிக்கு உப்பு எடுக்க அந்த ஜாடிக்குள்தான் கையை விட வேண்டும். கொழுந்தன் கொஞ்ச நாள் உப்பில்லாமலே குடித்தான். எனக்கு அதில் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

அவனை இழுத்துக்கொண்டு பூதிகோட்டைக்குப் போனேன். சின்னவள் ஓட்டுச் சூளைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அவன் வேலி ஓரமாக நின்றான். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அத்த இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

"இவுரு?"

அவன் அவளைப் பார்த்து, "வா, போவலாம்" என்றான். அவ்வளவுதான். அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "நீங்க போங்கக்கா. நான் நாள் பாத்து வரேன்" என்றாள். நல்ல நாள் பார்த்து வரப்போகிறாள் என்று அவனுக்கு நிம்மதி. ஆம்பூர்ப் பேச்சை நிறுத்தும்படி திரும்புகிற வழியில் நான் சொன்னேன், தலையை ஆட்டினான்.

ஆனி மாதத்தில் வந்தாள். தனியாக வந்தாள். நாங்கள் எல்லாரும் முன்பக்கம் இருந்தோம். மாமியார் களிமண்ணில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், நான் பூச்சு கலக்கிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் மூட்டையை வாங்க எழுந்து போனான். அவள் கொடுக்கவில்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு, அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, அந்த வாய் இல்லாத பெண், மாமியாரைக் கேட்டாள்.

"அத்த, நான் நேத்துதான் தூரமானேன். அந்த நாளு பாத்துத்தான் வந்துகீறேன். உள்ள வரவா, இப்பிடியே திரும்பிப் போவவா?"

குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கொழுந்தன் தரையைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் சக்கரத்திலிருந்து காலை எடுத்தார். மாமியார் கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். இந்த ஒரு பதிலை அவர்தான் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் அவர் தான் உட்கார்ந்திருந்த பலகையைக் கொஞ்சம் நகர்த்தி, வாசலில் வழி விட்டார். முகத்தைத் திருப்பவில்லை.

நான் பூச்சுச் சட்டியைச் சின்னவள் பக்கம் தள்ளினேன். அவள் மூட்டையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து ஜாடிகளைத் தோய்த்தாள். அன்றைக்கு இருந்த அத்தனை ஜாடியையும் அவள் கையாலேயே தோய்த்தாள். சூளை பிரித்தபோது ஒன்றில்கூட ஒரு திட்டு இல்லை. மாமியார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வைக்கோலில் சுற்றி, சந்தைக்குப் போகிற கூடையில் அடுக்கினார். கெட்டபோது லைன் முழுக்கக் கேட்கக் கத்தினவர், நன்றாக வந்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.